கணக்கில் வராத இருபது

டகோட்டா விமானத்தைப் பற்றி யார் எழுதியதை எடுத்துப் படித்தாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: இன்றும் பறக்கிறது. 1935 டிசம்பர் 17 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் முதன்முதலாக மேலெழுந்த டிசி-3 என்ற அந்த விமானம், தொண்ணூறு வருடம் கழித்தும் உலகத்தின் ஏதோ ஒரு மண் ஓடுபாதையில் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. என்னை உறுத்துவது அதைச் சொல்லும் குரலில் உள்ள நிம்மதி. பேசுகிறவர்கள் எல்லோரும் இறங்கி வந்தவர்கள். நினைவுக்குறிப்பு எழுதும் விமானி இறங்கி வந்தவர். சன்னலோரம் உட்கார்ந்து ஆற்றையும் வயலையும் பார்த்த கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் பயணி இறங்கி வந்தவர். அருங்காட்சியகத்தில் வண்ணம் பூசி நிறுத்தப்பட்டிருக்கும் விமானமும் இறங்கி வந்ததுதான். இறங்காதவர்களிடம் கேட்டிருந்தால் அந்த இயந்திரத்தைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள்? கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். ஆனால் இது மனதில் விழுந்த பிறகு, பழைய பொருள் எதையும் யாரும் புகழக் கேட்கும்போது, அந்தப் புகழுக்குப் பின்னால் எத்தனை பேர் பேசாமல் நிற்கிறார்கள் என்று எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. இத்தனைக்கும் நான் டகோட்டாவை நேசிக்கிறவன். நேசிப்பதால்தான் இந்த உறுத்தல் விடாமல் தொடர்கிறது என்றும் நினைக்கிறேன்.

அதன் உடம்பே தனி. முன்னால் இரண்டு பெரிய சக்கரங்கள், வாலுக்கடியில் ஒரு சிறிய சக்கரம். நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்த்திருக்கும். பின்பக்கக் கதவு வழியாக நுழைகிறவர் தன் இருக்கைக்கு மேடேறித்தான் போக வேண்டும். ஓடுபாதையில் வேகம் பிடித்து வால் தூக்கிய பிறகுதான் உள்தளம் மட்டமாகும். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் வட்டமாக அடுக்கிய பதினான்கு சிலிண்டர்கள், 1,200 குதிரைத்திறன். முடுக்கியதும் குப்பென்று புகை, எண்ணெய் கருகும் வாடை, இறங்கிய பிறகும் வெகுநேரம் காதில் தங்கும் இரைச்சல். கேபினுக்குள் காற்றழுத்தம் ஏற்றும் ஏற்பாடு கிடையாது. ஆகவே பயணிகளை வைத்துக்கொண்டு பத்தாயிரம் அடிக்கு மேல் போவது சிரமம். இன்றைய ஜெட் விமானத்தைப்போல மழைமேகத்துக்கு மேலே ஏறித் தப்பிக்க வழியில்லை; மேகத்தின் ஊடாகவே, காற்றின் குலுக்கலை வாங்கிக்கொண்டே போக வேண்டும். நம் தொட்டபெட்டா ஏறக்குறைய 8,650 அடி, ஆனைமுடி 8,840 அடி. மேற்குத் தொடர்ச்சி மலையின் தோள் உயரமும் டகோட்டா பறக்கும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. இதை முதலில் யோசித்துப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் உடம்பு சிலிர்த்தது.

இவ்வளவு காலம் அது தாக்குப்பிடித்ததற்குப் பொறியாளர்கள் ஒரு காரணம் சொல்வார்கள். ஓர் உலோகத்தகடு திரும்பத் திரும்ப வளைந்து நிமிர்ந்தால் எத்தனையாவது முறை கீறல் விடும் என்பதை 1930களில் துல்லியமாகக் கணக்கிடத் தெரியாது. தெரியாததால் தேவைக்கு மேலேயே உலோகத்தைப் போட்டார்கள். இறக்கையைப் பல அறைகளாகப் பகுத்து, ஓரிடம் விட்டுப்போனாலும் மற்ற இடங்கள் சுமையைத் தாங்கும்படி கட்டினார்கள். காற்றழுத்தம் ஏற்றாத உடல் என்பதால் ஒவ்வொரு பயணத்திலும் அது விரிந்து சுருங்கவும் இல்லை. இருபது வருடம் கழித்து, எவ்வளவோ கூடுதல் அறிவோடு செய்யப்பட்ட காமெட் ஜெட் விமானங்கள் 1954-ல் மத்தியதரைக் கடலின் மேல் அடுத்தடுத்து நடுவானில் பிளந்தன. உலோகம் களைத்துப்போனதுதான் காரணம். டகோட்டாவின் ஆயுளுக்கு அடியில் இருந்தது அறியாமை, அந்த அறியாமையை ஒப்புக்கொண்ட பணிவு. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் இதுவும் விமானத்தின் எலும்பைப் பற்றிய பேச்சே. எலும்பு முறியாததால் மட்டும் ஒரு பயணம் முடிந்துவிடுவதில்லை. மேகத்துக்குள் மலை இருந்தால் எத்தனை அறைகள் வைத்த இறக்கையும் ஒன்றுதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இந்தியாவில் அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் விட்டுப்போன டகோட்டாக்கள் மலிவு விலைக்குக் கிடைத்தன. பெங்களூரின் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் அவற்றைப் பிரித்துப் பழுதுபார்த்து, படைவீரர் உட்கார்ந்த பலகைகளை எடுத்துவிட்டுப் பயணிகளுக்கு நாற்காலி போட்டார்கள். புதிது புதிதாகக் கம்பெனிகள் முளைத்தன. 1953-ல் எட்டுக் கம்பெனிகளை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது அதன் கைக்கு வந்த 99 விமானங்களில் 74 டகோட்டாக்கள். 1949 தொடக்கத்திலிருந்து இரவுத் தபால் விமானங்களும் ஓடின. பம்பாய், கல்கத்தா, டெல்லி, சென்னை ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் இரவில் கிளம்பி நள்ளிரவில் நாக்பூரில் கூடி, தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊர் திரும்பும். அந்த நாக்பூர் நள்ளிரவை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்: மங்கிய விளக்குகள், திறந்த கதவுகள், மூட்டையை மாற்றிப் போடும் ஆட்களின் அவசரம், மதுரைக்காரர் ஒருவர் டெல்லியில் வேலைபார்க்கும் மகனுக்கு எழுதிய கடிதம் ஒரு விமானத்தின் வயிற்றிலிருந்து இன்னொன்றின் வயிற்றுக்குப் போவது. கடலுக்கு அந்தப் பக்கம் ஏர் சிலோன் தொடங்கியதும் டகோட்டாவில்தான். 1947 டிசம்பர் 10 அன்று ‘சீதா தேவி’ என்று பெயரிட்ட விமானம் ரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. பலாலியில் ஏறிச் சென்னையில் இறங்கிப் படம் பார்த்துத் திரும்பிய யாழ்ப்பாணத்தார் கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். கேட்டிருக்கிறோம் என்றால், திரும்பியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இந்த இடத்தில்தான் ஒரு பெயர் என்னை நிறுத்தியது: ஆபிரகாம் வால்ட். 1902-ல் கோலோஷ்வார் என்ற ஊரில் பக்தியுள்ள யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஊர் அப்போது ஹங்கேரியில் இருந்தது, இப்போது ருமேனியாவில் இருக்கிறது. வியன்னாவில் கணிதம் படித்து, நாஜிகள் நுழைந்த 1938-ல் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். பின்தங்கிய குடும்பத்தினரில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். போர் நடந்தபோது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆய்வுக் குழுவில் அவருக்கு ஒரு கேள்வி வந்தது. குண்டுவீச்சு விமானங்கள் உடம்பெல்லாம் துளையோடு திரும்புகின்றன. எங்கெங்கே எத்தனை துளை என்ற கணக்கு கையில் இருக்கிறது. விமானத்தின் எந்தப் பகுதி அடிபட்டால் ஆபத்து அதிகம்? துளை அதிகமாக இருக்கும் இடம்தான் பலவீனமான இடம் என்று யாருக்கும் தோன்றும். வால்ட் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார். துளைபட்டும் திரும்பியிருக்கிறதென்றால் அந்த இடம் துளையைத் தாங்கியிருக்கிறது. திரும்பிய விமானங்களின் எஞ்சினில் துளை குறைவாக இருப்பதன் பொருள், எஞ்சினில் அடிபட்டவை திரும்பவில்லை என்பது.

1943-ல் அவர் எழுதிய எட்டுக் குறிப்புகளைப் பின்னர் 1980-ல் மறுபடி வெளியிட்டார்கள். இன்று வால்ட் பெயரைச் சொன்னதும் ஒரு விமானத்தின் மேல் சிவப்புப் புள்ளிகள் தெளித்த படத்தைக் காட்டுகிறார்கள். அது பிற்காலத்தில் யாரோ விளக்கத்துக்காகப் போட்டது. குறிப்புகளில் புத்திசாலி ஒருவர் தளபதிகளை மடக்கிய நாடகமும் கிடையாது. சமன்பாடுகள் மட்டுமே உண்டு. எடுத்துக்காட்டுக்கு அவர் 400 விமானங்கள் புறப்பட்டதாக வைத்துக்கொள்கிறார். 380 திரும்பின. அவற்றில் 320-ல் ஒரு துளைகூட இல்லை, 32-ல் ஒன்று, 20-ல் இரண்டு, 4-ல் மூன்று, 2-ல் நான்கு, 2-ல் ஐந்து. மிச்சம் 20 விமானங்கள். அவற்றின் உடம்பைப் பார்க்க வழியில்லை. அவற்றில் எத்தனை துளை விழுந்திருக்கும், எத்தனையாவது துளையில் விழுந்திருக்கும் என்பதை, பார்க்க முடிந்த 380-ஐ வைத்துக்கொண்டே அவர் தேடிப் போகிறார். படிக்கப் படிக்க எனக்கு இது கணக்காகவே தோன்றவில்லை. கண்முன் இல்லாதவர்களுக்கு ஒரு வரிசை ஒதுக்கி, அவர்கள் வரும்வரை அட்டவணையை மூடாமல் வைத்திருக்கும் செயலாகத் தோன்றியது. தன் வீட்டாரில் தப்பித்தவர்கள் வரிசையில் நின்ற ஒரு மனிதர், தப்பாதவர்களின் பக்கத்திலிருந்து யோசித்திருக்கிறார். இப்படி அவர் வாழ்க்கையையும் சமன்பாட்டையும் நான் முடிச்சுப் போடுவது சரிதானா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. கணிதக்காரர்கள் இதை விரும்ப மாட்டார்கள். முடிச்சை அவிழ்த்துவிட்டுப் படித்தும் பார்த்தேன். அப்போதும் அந்த 20 அங்கேயே இருந்தன.

1950 ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 6 வரை அமெரிக்காவின் ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு நடந்தது. ஒரு மணிநேர உரை நிகழ்த்த அழைக்கப்பட்டவர்களில் வால்ட் ஒருவர். அந்த மாநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தமிழர், குற்றாலத்துக்குப் பக்கத்து வல்லத்தில் 1901-ல் பிறந்த எஸ்.எஸ்.பிள்ளை. வாரிங் கணக்கு என்று எண்கோட்பாட்டில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் முழுதாக அவிழாமல் கிடந்த ஒரு பிரச்சினையில், நம் ஊர்க் கல்லூரி வசதிகளுக்குள் உட்கார்ந்தபடி உலகத்தரமான விடை கண்டவர். மாநாடு முடிந்ததும் பிரின்ஸ்டனில் ஒரு வருடம் தங்கி ஆராய அவருக்கு அழைப்பு இருந்தது. ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோவிலிருந்து கிளம்பிய டிடபிள்யூஏ கம்பெனியின் கான்ஸ்டலேஷன் விமானம் எஞ்சினில் தீப்பிடித்து எகிப்தின் மண்ணில் விழுந்தது. 55 பேரும் இறந்தார்கள். பிள்ளை அதில் இருந்தார். நவம்பர் 3 அன்று ஏர் இந்தியாவின் ‘மலபார் பிரின்சஸ்’, அதுவும் கான்ஸ்டலேஷன், ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங் சிகரத்தில் மோதி 48 பேர் போனார்கள். ஹார்வர்டில் பேசி முடித்த வால்ட் அந்த ஆண்டின் இறுதியில் மனைவியோடு இந்தியாவுக்குச் சொற்பொழிவுப் பயணமாக வந்தார். டிசம்பர் 13 அன்று அவர்கள் பம்பாயிலிருந்து தெற்கே செல்ல ஏறிய விமானம் ஏர் இந்தியாவின் டகோட்டா. கோத்தகிரிப் பக்கம், ரங்கசாமித் தூண் என்று நீலகிரி மக்கள் சொல்லும் ஒற்றைப் பாறை நிற்கிற மலைப்பகுதியில், வழி தவறி மோதியது. அதிலிருந்த 21 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. வால்டுக்கு வயது 48.

இதை முரண் என்று சொல்லி ரசிப்பதை நான் வெறுக்கிறேன். விமானத்தின் பலவீனத்தைக் கணக்குப் போட்டவர் விமானத்திலேயே செத்தார் என்று ஒரு வரியில் முடித்துவிட்டுப் போகிறார்கள். நீலகிரிச் சரிவில் அன்று காலைக்கு என்ன நிறம், சோலைக்குள் எவ்வளவு மூடுபனி, சத்தம் கேட்டு முதலில் ஓடியவர்கள் எந்த ஊர்க்காரர்கள், என்ன மொழியில் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்பதெல்லாம் அந்த வரிக்குத் தேவைப்படுவதில்லை. வால்டோடு போன மற்றவர்களும் தேவைப்படுவதில்லை. புகழ்பெற்ற ஒருவரின் மரணம் கூட இருந்தவர்களின் மரணத்தைத் தின்றுவிடுகிறது. நானும் இதுவரை இரண்டு கணிதக்காரர்களைத்தானே பெயர் சொல்லி எழுதியிருக்கிறேன். டகோட்டா ஓட்டிய விமானி, வானொலி இயக்கியவர், வியாபாரத்துக்காகவோ கல்யாணத்துக்காகவோ ஏறியவர்கள் என்று எல்லோரும் ஓர் எண்ணுக்குள் போய்விட்டார்கள். கணக்கில் வராத இருபது என்று சொல்லும்போதே அந்த இருபதுக்குள்ளும் ஒரு பந்தி வரிசை உருவாகிவிடுகிறது.

அலங்காநல்லூரில் இதைப் பற்றி யோசிக்கிறவனுக்கு வாடிவாசல் நினைவுக்கு வராமல் போகாது. தை மூன்றாம் நாள் நூற்றுக்கணக்கான காளைகள் அந்த ஒரு வாசல் வழியாக வெளியே வருகின்றன. நின்று விளையாடிய மாட்டுக்கு, நாலு பேரைத் தூக்கி வீசிவிட்டுத் திமிலைத் தொடவிடாமல் போன மாட்டுக்கு, பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது, மறுவருடம் வரைக்கும் டீக்கடையில் பேச்சு இருக்கிறது. நாட்டுமாட்டின் வீரியம் என்று நாம் பெருமையாகச் சொல்வது முழுக்க இந்த மாடுகளை வைத்துத்தான். என் தாய்மாமா முப்பது நாற்பது வருடமாகக் காளை வளர்க்கிறவர். பருத்திவிதை ஊறவைக்கும் வாசனை அவர் வீட்டுத் தாழ்வாரத்தை விட்டுப் போனதே கிடையாது. அவரிடம் ஒருநாள், “பிடிபட்ட மாடெல்லாம் என்ன ஆகும் மாமா?” என்று கேட்டேன். எனக்குப் பதில் தெரியும். அவர் எப்படிச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டியிருந்தது. வைக்கோல் உதறிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. “வச்சுக்கிறவனும் இருக்கான் மாப்ள. ஆனா நெறைய சந்தைக்குப் போயிரும். அதப் பத்தி எவன் பேசப்போறான்?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே, தான் அப்படி விற்ற ஒரு மயிலைக் காளையின் கொம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று கையால் காட்டினார்.

எங்கள் மதுரை வானத்துக்கும் அப்படி யாரும் பேசாத ஒரு கதை உண்டு. 1942-ல் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்தத் தொடங்கிய பெருங்குடி ஓடுதளம்தான் பின்னால் மதுரை விமான நிலையமானது. டகோட்டாவுக்குப் பதிலாக வந்தவற்றில் ஒன்று ஆவ்ரோ 748: இங்கிலாந்தில் வடிவமைத்து, கான்பூரில் நம் ஆட்களே கட்டியது. கான்பூரில் கட்டிய முதல் விமானம் 1961 நவம்பரில் பறந்தது; காலமான விமானப்படைத் தளபதி சுப்ரதோ முகர்ஜியின் பெயரை அதற்கு வைத்தார்கள். ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சினின் கூர்மையான ஊளை அதன் அடையாளம். காதைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்ததாக என் அம்மா சொல்வாள். கேபினில் காற்றழுத்தம் உண்டு, மேகத்துக்கு மேலே ஏறவும் முடியும். ஆனால் மேலே ஏறிய எதுவும் ஊர் வந்ததும் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். 1971 டிசம்பர் 9 அன்று மதுரைக்கு இறங்கத் தொடங்கிய இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ ஒன்று, பகல் நேரத்தில், பார்வை மங்கிய வானிலையில், மதுரைக்கு ஐம்பது மைல் முன்னதாகச் சின்னமனூர்ப் பக்கம் மலையில் மோதியது. 31 பேரில் 21 பேர் இறந்தார்கள். விமான ஊழியர் நால்வரும் அதில் சேர்த்தி. பத்துப் பயணிகள் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

வங்கதேசப் போர் நடந்துகொண்டிருந்த வாரம் அது. இரண்டே நாள் கழித்து, டிசம்பர் 11 அன்று, டாங்கைலில் நம் பாராசூட் படையை இறக்கிய விமானங்களில் டகோட்டாக்களும் இருந்தன. அந்த வெற்றியைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு, ஆண்டுதோறும் நினைவுநாள் உண்டு. டகோட்டாவின் புகழ்ப் பட்டியலில் 1947 அக்டோபர் 27-ல் ஸ்ரீநகரில் இறங்கியதற்கு அடுத்த இடம் டாங்கைலுக்குத்தான். அந்தப் புகழில் ஒரு சொல்லைக்கூடக் குறைக்க எனக்கு மனமில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்கள் அவர்கள். அதே வாரத்தில் தேனிப் பக்கத்து மலையில், எந்தப் போருக்கும் போகாத, மதுரையில் இறங்கி வீட்டுக்குப் பேருந்து பிடிக்க இருந்த ஆட்கள் 21 பேர் போனார்கள் என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான். பக்கத்தில் வைப்பதற்குக்கூட நமக்கு ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய வழி இருந்தது. அதே தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டி வட்டத்தில் வைகையாற்றை ஒட்டிய புலிமான்கோம்பையில், 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். ஒன்றில், கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் உயிர்விட்ட அந்தவன் என்பவனின் பெயர் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கல். மாடுகளை மீட்டோ கவர்ந்தோ திரும்பி வந்தவர்கள் பெயர் அதில் இல்லை. திரும்பாதவன் பெயரைத்தான் வெட்டியிருக்கிறார்கள். வால்ட் செய்ததற்கும் இதற்கும் உறவு இருப்பதாக முதலில் நினைத்தபோது எனக்குப் பெரிய ஆறுதல் கிடைத்தது. பிறகு அந்த ஆறுதலும் ஆட்டம் கண்டது. நமக்குக் கிடைத்த நடுகற்களும் தப்பிப் பிழைத்தவைதானே. துவைகல்லாகவும் படிக்கல்லாகவும் வாய்க்கால் கரைக்கு அண்டக்கொடுத்த கல்லாகவும் போனவை எத்தனை. அந்தவனோடு விழுந்து, கல் நட ஆளில்லாமல் போனவர்கள் எத்தனை. எங்கே தோண்டினாலும் மிஞ்சியதுதான் கையில் வருகிறது. இதிலிருந்து வெளியேற வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வால்டும் வெளியேறவில்லை. அவர் செய்தது, பார்க்க முடியாதவை இத்தனை என்று ஒரு வரிசையை எழுதி, அதற்கு எதிரே உள்ள கட்டத்தைக் காலியாக விடாமல் உழைத்தது மட்டுமே.

அப்படி உழைத்த இன்னொருவர் டான் பேட்மன் என்ற கனடாப் பொறியாளர். நல்ல நிலையில் இருக்கும் விமானத்தை, விமானி கட்டுப்பாட்டில் வைத்திருக்கும்போதே, தெரியாமல் மலையில் கொண்டுபோய் மோதும் விபத்துகளை ஆயுள் முழுக்கச் சேகரித்துப் படித்தவர். ஒவ்வொன்றிலும் கடைசி நிமிடத்தில் உயரமானி என்ன காட்டியிருக்கும், எத்தனை விநாடி முன்னால் எச்சரித்திருந்தால் மேலே இழுத்திருக்க முடியும் என்று பார்த்துப் பார்த்து, தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியை உருவாக்கினார். 1970களின் நடுவிலிருந்து அது பயணிகள் விமானங்களில் கட்டாயமாகத் தொடங்கியது. பிறகு உலகத்தின் மலைகள் எல்லாவற்றின் உயரத்தையும் அதன் நினைவில் ஏற்றினார்கள். சென்னையிலிருந்து மதுரைக்கு இன்றும் ப்ரொப்பல்லர் விமானம் வருகிறது: ஏடிஆர் 72. சில நாட்கள் சிறுமலைப் பக்கமிருந்து அதன் உறுமல் எங்கள் கரும்புக் காட்டுவரை கேட்கும். பலாலிக்கும் சென்னையிலிருந்து இப்போது அதுதான் போகிறது. சீதா தேவி போன அதே கடலுக்கு மேலே, மறுபடியும் சுழல்விசிறி. அந்த ஏடிஆரின் கருவிக்குள் ரங்கசாமித் தூண் நிற்கும் மலையின் உயரமும் சின்னமனூர் மலையின் உயரமும் எண்ணாக இருக்கின்றன. நான் பத்திரமாக இறங்கிய ஒவ்வொரு பயணத்திலும், மலையில் மோதி இறந்த யாரோ ஒருவரின் கடைசி விநாடிகள் என் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தன என்பதை அறிந்த பிறகு, இன்றும் பறக்கிறது என்று விமானத்தைப் பற்றிச் சொல்வதில் எனக்கு இருந்த கோபம் கொஞ்சம் இடம் மாறியது. பறந்துகொண்டிருப்பது விழுந்தவர்களின் கணக்கும்தான். கருவிக்கு உயரம் போதும், பெயர் வேண்டாம். நமக்கு அப்படி அல்ல.

சின்னமனூருக்கு வெளியே, அந்த மலை தெரியும்படி சாலையோரத்தில் ஒரு கல் நட வேண்டும் என்பது என் ஆசை. விமானப் படம் வேண்டாம். எந்தக் கட்சிக்காரர் திறந்துவைத்தார் என்ற வாசகமும் வேண்டாம். 21 பெயர்கள், ஊழியர் என்றும் பயணி என்றும் பிரிக்காமல். பிழைத்த பத்துப் பேரில் இருக்கிறவர்களைக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் அவர்கள் பெயரும். இறங்கி வந்தவர்களும் வராதவர்களும் ஒரே கல்லில் இருப்பதை நான் எங்கும் பார்த்ததில்லை. பிழைத்தவரின் பெயரைச் சாவுக்கல்லில் வெட்டலாமா என்ற கேள்வி வரும், வரட்டும். கோத்தகிரியிலும் அப்படி ஒன்று வேண்டும், அங்கே 21-ம் ஒரே பக்கம். இதை மாமாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. காளைக்குக் காடி வைத்துவிட்டு வந்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்: “பேரு மட்டுமா போடப்போற? என்ன ஊருன்னும் போடு மாப்ள. வெறும் பேரா இருந்தா அவுக வீட்டுல இருந்து எப்படித் தேடிக் கண்டுபிடிச்சு வருவாக?”